ஆள் போய் இறங்கும் வரை

கார் கேட்டைத் தாண்டியதும் ஆவுடையம்மை உள்ளே வந்து விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். கணவர் விசுவநாதன் போய் இறங்கும் வரை வீட்டைக் கூட்டக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளக்கூடாது. ஆள் வெளியே போன சூட்டோடு கூட்டிக் கழுவித் தலைமுழுகுவது பிணம் எடுத்த வீட்டில்தான்.

முன்பு இரண்டு முறை விசுவநாதன் கப்பலில் ஊருக்குப் போயிருக்கிறார். அப்போது வீடு ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடக்கும். நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்த பிறகுதான் கூட்டுவாள். இந்த முறை கப்பலுக்கு நேரமில்லை. அவருடைய அம்மா சீதை ஆச்சி மெட்ராசில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகனைக் கேட்டுக்கொண்டே இருப்பதாகத் தந்தி சொன்னது. ரப்பர் தோட்டத்தின் முதலாளி சொக்கப்பச் செட்டியார் சிரம்பானிலிருந்து போன் செய்தார். "பிளேன்ல போப்பா. டிக்கெட்டுக்கு நான் சொல்லிட்டேன்."

தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது விசுவநாதனின் வேலை. மற்ற செட்டியார்கள் எல்லாம் காட்டுக் கம்யூனிஸ்டுகளின் சண்டைக்குப் பயந்து டவுனுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மனைவியுடன் தோட்டத்துப் பங்களாவிலேயே இருந்தார். பங்களாவையும் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களையும் சேர்த்துச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு வேலிக்குள் நடமாடுகிறவர் யாராக இருந்தாலும் கேட்டதும் பேர் சொல்ல வேண்டும். சொல்லாதவரைச் சுட உத்தரவு இருந்தது.

புறப்படுமுன் அவர் குளித்த ஈரத்தோடு சாமி அறையில் நின்றார். தட்டிலிருந்து திருநீறு தரையில் கொட்டியது. அதை மிதித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் வெள்ளைக் காலடிகள் சாமி அறையிலிருந்து வாசல்வரை வரிசையாக விழுந்திருந்தன. கடைசி அடி பாதிதான் இருந்தது. விரல்கள் மட்டும். அங்கேதான் அவர் குனிந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

"பெரிய ஆச்சியைப் பார்த்ததும் தந்தி அடிங்க" என்றாள்.

"முதல்ல இறங்குறேன்."

அவ்வளவுதான் பேசினார்கள்.

வீட்டு வேலைக்கு லயத்திலிருந்து பஞ்சாலை வந்தாள். காலடிகளைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீரமுத்து மத்தியானம் ஆபீசிலிருந்து வந்தார். டிக்கெட்டு விவரம் அவருக்குத்தான் தெரியும். சிரம்பானுக்குப் போன் போட்டு எல்லாம் கேட்டவர் அவர்.

"இன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர்ல செட்டியார்மாரு கிட்டங்கியில தங்குறார் ஆச்சி. நாளைக்குக் காலையில பிளேன். மத்தியானம் ஒரு மணிக்கு மீனம்பாக்கத்துல இறங்கிடும்."

"எவ்வளவு தூரம்?"

"ஆயிரத்தெண்ணூறு மைலுன்னு சொன்னாங்க."

"அவ்வளவும் ஒரே பகல்லயா?"

"காலையில பசியாற்றது சிங்கப்பூர்ல. சாப்பாடு மெட்ராஸ்ல."

பஞ்சாலை கதவருகே நின்று சிரித்தாள். "இங்கேருந்து சிரம்பான் போக லாரிக்கு அரை நாள் ஆவுது. புக்கிட் புத்துஸ் வளைவுல போலீஸ்கார மாத்தா நிறுத்தி, காட்டுக்காரனுக்கு அரிசி போகுதான்னு தடவுனான்னா முழு நாள். செட்டியாரு வானத்துல போறதே நல்லது. அங்க தடவ ஆள் இல்ல."

"வாயை மூடுலா" என்றார் கிராணி. அவரும் சிரித்தார்.

ஆவுடையம்மை சிரிக்கவில்லை. கப்பல் போகிற வழி அவளுக்குத் தெரியும். அவளும் அதில்தான் வந்தாள். தண்ணீர் நிறம் மாறும். வயிறு புரளும். ஒவ்வொரு நாளும் கரை விலகுவதை உடம்பு அறியும். வானத்தில் போகிறவனின் உடம்புக்கு எது சொல்லும்?

அது இலை கொட்டுகிற மாதம். ரப்பர் மரங்கள் மொட்டையாக நின்றன. காய்ந்த இலைகள் தோட்டம் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தன. அந்த மாதத்தில் யாரும் சத்தமில்லாமல் நடக்க முடியாது. கேட்டிலிருந்து ஒருவர் காலெடுத்து வைத்தால் பங்களாவுக்குக் கேட்கும். காவல்காரர்களுக்கு அது பிடித்த மாதம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் பிடிக்காத மாதம் என்று சொல்வார்கள்.

இலைகள் பங்களாவுக்குள்ளும் வந்தன. ஒரே ராத்திரியில் கூடத்தின் மூலைகள் நிறைந்துவிட்டன.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கேற்ற வேண்டும். கூட்டாத வீட்டில் எப்படி ஏற்றுவது? வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை அவள் தலை முழுகுவாள். காலையிலிருந்து கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடிகாரம் ஒன்று அடித்தது.

"இறங்கியிருப்பார்" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்களேன் ஆச்சி" என்றாள் பஞ்சாலை. "தந்தி வரட்டும்."

"தந்தி நாளைக்குத்தான் வரும். இன்னைக்கு விளக்கு வைக்கணும். நீ கூட்டு."

"நான் மாட்டேன்."

"ஏன்?"

"அவரு காலு இருக்கு அங்க."

ஆவுடையம்மையே விளக்குமாற்றை எடுத்தாள். முதலில் மூலைகளைக் கூட்டினாள். பிறகு சாமி அறை வாசலிலிருந்து தொடங்கினாள். திருநீறு எளிதில் போய்விட்டது. ஒரு அடி, அடுத்த அடி. வாசலில் இருந்த விரல்கள் மட்டும் ஈரத்தோடு காய்ந்து தரையில் ஒட்டியிருந்தன. அழுத்தித் தேய்த்தாள். போயின.

அப்போது தோட்டத்துக்கு மேலே ஒரு விமானம் வந்தது. சின்ன விமானம். மெதுவாகச் சுற்றியது. அதிலிருந்து ஒரு பெண்ணின் குரல் பேசியது. சீன மொழி. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது. காட்டின் மேல் போய்த் திரும்பி வந்தது. குரல் பெரிதாகிச் சிறிதானது.

"என்ன சொல்லுது?"

"காட்டுக்குள்ள இருக்கிறவனை வீட்டுக்கு வான்னு கூப்பிடுது" என்றாள் பஞ்சாலை. "பேரு சொல்லிக் கூப்பிடுமாம். பேரு சொல்லிக் கூப்பிட்டா வந்துருவானாம்."

"வர்றாங்களா?"

"யாருக்குத் தெரியும்? வந்தவன் வந்தேன்னு லயத்துல வந்தா சொல்லுவான்?"

குரல் போன பிறகு ஆவுடையம்மை கிணற்றடியில் தலை முழுகினாள். கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு விளக்கேற்றினாள்.

தந்தி சனிக்கிழமை காலையில் வந்தது. வீரமுத்து கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். இலைகள் நொறுங்குகிற சத்தம் கேட்டிலிருந்தே கேட்டது. அவர் வந்த வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"செட்டியார் நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டார். பெரிய ஆச்சி நேத்துத் தவறிட்டாங்க."

ஆவுடையம்மை தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"முகத்தைப் பார்த்தாரா?"

"பார்த்திருக்கணும். மூணு மணிக்குத்தான் உயிர் போயிருக்கு. இவர் ஒரு மணிக்கே இறங்கிட்டாரே. ஏர்போர்ட்லேருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான்."

"ஒரு மணி அடிச்சதும் கூட்டிட்டேன் நான்."

வீரமுத்து தந்தியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எந்த ஒரு மணி ஆச்சி?"

அவள் கூடத்துக் கடிகாரத்தைக் காட்டினாள்.

"அது நம்ம ஊர் மணியாச்சே. நான் சொன்னது மெட்ராஸ் மணி. டிக்கெட்டுல இறங்குற ஊர் மணியைத்தான் போடுவான். அங்க ஒண்ணுன்னா இங்க மூணு."

"அப்போ நான் கூட்டுனப்ப?"

"கடல் மேல இருந்திருப்பார்."

"எவ்வளவு நேரம் பாக்கி?"

"ரெண்டு மணி நேரம்." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அதான் நல்லபடியா இறங்கிட்டாரே. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

இழவுச் செய்தி கேட்டால் முழுகத்தான் வேண்டும். பஞ்சாலை தண்ணீர் இறைத்து ஊற்றினாள். ஆவுடையம்மை இரண்டாம் நாளாகத் தலை நனைந்து நின்றாள்.

அன்றே விளக்குமாற்றை மறுபடியும் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அவர் திரும்பி இந்த வீட்டுக்குள் வரும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்றாள்.

"பிந்திப் போச்சே ஆச்சி" என்றாள் பஞ்சாலை.

"தெரியும். தொடாதே."

இலைகள் வந்துகொண்டே இருந்தன. கூடத்தில் பாய்போல் படிந்தன. அவருடைய பிரம்பு நாற்காலியின் கால்கள் மறைந்தன. இரண்டாவது வாரம் பஞ்சாலை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "வீடே காடாயிருச்சு. கம்யூனிஸ்டு வந்தா இங்கயே கேம்பு போட்டுருவான். காப்பி வேற கேப்பான்."

கிராணி சொல்லிப் பார்த்தார். சிரம்பானிலிருந்து சொக்கப்பச் செட்டியாரின் மனைவி முத்துலெட்சுமி ஆச்சி போனில் சொல்லிப் பார்த்தார். ஆவுடையம்மை எல்லோருக்கும் சரி என்றாள். கூட்டவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தந்தி சொன்னது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது என்று இன்னொரு தந்தி சொன்னது. இரண்டையும் அவள் நம்பினாள். ஆனால் முகத்தைப் பார்த்தாரா என்று அவள் கேட்டதற்கு எந்தத் தந்தியும் பதில் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை அவர் வந்தார்.

பிளேனில்தான் வந்தார். வீரமுத்து காரோடு சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வழியில் பாரோயில் போலீஸ் சோதனை அதிகமில்லை, நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தார். கேட்டுக்கு உள்ளே பாதை வெட்டிப் போட்டிருந்ததால் கார் வராது. நடந்துதான் வர வேண்டும்.

நாலு மணிக்கு ஆவுடையம்மை வராந்தாவில் நின்றாள். மரங்களுக்கிடையே இரண்டு பேர் வருவது தெரிந்தது. முன்னால் விசுவநாதன். பின்னால் பெட்டியோடு வீரமுத்து. தலை மொட்டையடித்து முடி கொஞ்சம் முளைத்திருந்தது. இளைத்திருந்தார். வேறு மாற்றம் இல்லை.

இலைகள் நொறுங்கின. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதோ குறைந்தது. என்னவென்று தெரிய அவர்கள் இன்னும் கிட்டே வர வேண்டியிருந்தது.

வீரமுத்து பெட்டியை மாற்றிப் பிடிக்க நின்றார். சத்தமும் நின்றது.

விசுவநாதன் நடந்துகொண்டிருந்தார். பூட்ஸ் இலைக்குள் இறங்கி எழுந்தது. சத்தமில்லை.

அவர் படியேறி வந்தார். கூடத்தைப் பார்த்தார். கணுக்கால்வரை கிடந்த இலைகளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவற்றின் மேல் நடந்து போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய நாற்காலி. பூனை ஏறினாலும் கிரீச்சிடும். அது சும்மா இருந்தது.

வீரமுத்து பெட்டியை வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "கார்லயும் ஒண்ணும் பேசல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

ஆவுடையம்மை தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பெரிய ஆச்சி பேசினாங்களா?"

"பேசினாங்க. மகன் வந்துட்டானான்னு கேட்டாங்க."

"நீங்க அங்க இருக்கும்போதா?"

"கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். இதோ இருக்கேன்னேன். என்னைப் பார்த்தாங்க. வந்துட்டானான்னு அக்காகிட்டக் கேட்டாங்க. இவன்தான் அம்மான்னு அக்கா சொல்லுச்சு. இவன் யாரு, என் மகன் இன்னும் வழியில வர்றான்னாங்க." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூணு மணிக்குக் கேக்கிறதை நிறுத்திட்டாங்க."

"அழுதீங்களா?"

"வரலை. காரியம் எல்லாம் நல்லாப் பண்ணினேன். எதுவும் வரலை."

"தண்ணி குடிங்க."

"குடிக்கிறேன்" என்றார். குடிக்கவில்லை.

பஞ்சாலை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, லயத்தில் வேலை இருப்பதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

ஆவுடையம்மை வாசற்படியில் உட்கார்ந்தாள். விரல்கள் ஒட்டியிருந்த இடம் அது. பின்னால் அவர் நாற்காலியில் இருந்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் பாக்கி என்று அவளுக்குத் தெரியும். அது சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் மரங்களுக்குள் சாய்ந்தது. மொட்டைக் கிளைகளில் சிவப்பாகத் துளிர் விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். இன்னும் சில நாளில் இலை கொட்டுவது நின்றுவிடும்.

ஆறு மணிக்குக் கேட்டின் சங்கிலி உரசிப் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு இலைகள் நொறுங்கின.

கேட்டுப் பக்கமிருந்து வந்தது. ஒருவர் நடை. அவசரமில்லாத நடை. இடதுகாலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற நடை. பதினெட்டு வருஷமாக அவள் கேட்ட நடை.

"யாரு?" கேட்டிலிருந்து காவல்காரன் சன்னாசி கத்தினான். "நில்லு. யாரு அது?"

நடை நிற்கவில்லை. சன்னாசி துப்பாக்கியோடு ஓடிவந்தான். அவன் ஓடுகிற சத்தமும் அந்த நடைச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. பங்களாவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். வெளிச்சம் நன்றாக இருந்தது. பாதையில் யாருமில்லை. இலைகள் ஓரிடத்தில் அமுங்கின. அதற்கு முன்னால் இன்னோரிடத்தில் அமுங்கின.

சன்னாசி துப்பாக்கியைத் தூக்கினான். அமுங்கின இலைகளை நோக்கிப் பிடித்தான்.

"சுடாதே" என்றாள் ஆவுடையம்மை. "எங்க வீட்டுக்காரர்."

"ஐயா உள்ளல்லவா இருக்காரு? நான்தானே கேட்டைத் திறந்து விட்டேன்."

"உள்ள இருக்கார். வந்துக்கிட்டும் இருக்கார்."

"என்ன ஆச்சி சொல்றீங்க?" அவன் கண்ணை இலைகளிலிருந்து எடுக்கவில்லை. "பேரைச் சொல்லச் சொல்லுங்க. பேரு சொல்லலன்னா நான் சுடணும். அதான் ஆர்டரு."

"அவரால சொல்ல முடியாது."

"அப்ப யாராச்சும் சொல்லுங்க ஆச்சி."

அவள் திரும்பிப் பார்த்தாள். விசுவநாதன் செம்பை மடியில் வைத்தபடி இருந்தார். கண் திறந்திருந்தது. சன்னாசி கத்தியது அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பேரை அவள் சொன்னதே இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். மாமியார் ஒருமுறை கேலியாகச் சொல்லச் சொன்னபோதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் அந்த எழுத்துகளுக்குப் பழகியிருக்கவில்லை.

துப்பாக்கியின் கொக்கி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"விசுவநாதன்" என்றாள்.

நடை நின்றது.

சன்னாசி துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"விசுவநாதன்" என்று மறுபடியும் சொன்னாள். "வாங்க."

படிக்குக் கீழே இலை அமுங்கியது. அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள். அவளைத் தாண்டிக் குளிர்ந்த காற்று ஒன்று போனது. கடல் வாடை அடித்தது. கூடத்தில் கிடந்த இலைகள் வாசலிலிருந்து நாற்காலிவரை ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின.

நாற்காலி கிரீச்சிட்டது.

விசுவநாதன் செம்பைத் தூக்கித் தண்ணீரை முழுக்கக் குடித்தார். கையால் வாயைத் துடைத்தார். மூச்சு வாங்கினார். வெகுதூரம் நடந்து வந்தவரைப்போல் வாங்கினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். வாசலில் அந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் இன்னும் மேலேதான் இருந்தேன்" என்றார். "யாரு கூட்டினது?"